யார் போட்ட சத்தம்?

மதுராந்தகம் தாண்டியதும் கார் நின்றுவிட்டது. இரவு பத்தேகால் மணி. முதலில் முகப்பு விளக்கு மங்கியது. பிறகு பாட்டு நின்றது. இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு அடங்கியது. பக்கத்து இருக்கையில் இருந்த அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. லாரிகள் எங்களை உலுக்கிக்கொண்டு போயின. அப்புறம் சொன்னார்: "விழுப்புரத்துலயே சொன்னனே. முன்ன விசில் மாதிரி இருந்துச்சு, இப்ப உறுமுதுன்னு."

சொல்லியிருந்தார். நான் செய்தது வால்யூமைக் கூட்டியதுதான்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்தக் காரில் டிக்கிக்குள் ஓர் ஆம்ப்ளிஃபையர் வைத்திருந்தேன். வைத்த நாளிலிருந்தே பாட்டுக்கு அடியில் ஒரு மெல்லிய ஊளை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஏறும், விட்டால் இறங்கும். செட்டு போட்டவரிடம் கொண்டுபோனபோது தீப்பெட்டி அளவில் 'நாய்ஸ் ஃபில்டர்' ஒன்றை இடையில் மாட்டி, "இப்ப கேளுங்க சார், கப்சிப்" என்றார். கப்சிப்தான். பணம் கொடுத்துவிட்டு வந்தேன். ஊளை திரும்ப எழுந்தபோது, பழகிய சத்தம்தானே என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை உள்ளூர் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவர் வந்தார். வேறொரு பேட்டரியிலிருந்து ஒயர் போட்டு வண்டியைக் கிளப்பினார். மல்டிமீட்டரை ஏ.சி. பக்கம் திருப்பி என் பேட்டரி முனைகளில் வைத்தார். "இங்க ஏ.சி. ஒண்ணும் காட்டக் கூடாது சார். காட்டுது பாருங்க. டைனமோவுல டயோடு பிளேட்டு போயிருச்சு. அதான் சார்ஜ் ஏறல." பிறகு டாஷ்போர்டை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "செட்டுல ஊளை விட்டிருக்குமே?"

"விட்டுச்சுண்ணே. ஃபில்டர் போட்டுட்டேன்."

"அப்ப வண்டி சொல்லியிருக்கு. நீங்க அது வாயைக் கட்டிட்டீங்க."

அதற்குப் பிறகுதான் காருக்குள் பாட்டுக் கேட்பதன் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தேடியது பாட்டின் வரலாற்றை. கிடைத்தது சத்தத்தின் வரலாறு. ஏறக்குறைய நூறு வருடமாக இந்தத் துறையில் திரும்பத் திரும்ப எழுந்து நிற்பது ஒரே கேள்வி. சத்தம் போடுவது ஒருவர், கேட்பது இன்னொருவர். அடக்க வேண்டிய பொறுப்பு யாருடையது?

பொறிதான் முதல் ரேடியோ

1880களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹ நகரில் ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளைச் சோதனைச் சாலையில் உண்டாக்கிக் காட்டினார். அவர் மேசையில் இருந்தவை இவை: ஒரு பேட்டரி, மின்னோட்டத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் ஒரு சாதனம், மின்னழுத்தத்தைப் பல ஆயிரம் வோல்ட்டுக்கு உயர்த்தும் ஒரு காயில், பொறி பாய ஒரு சிறு இடைவெளி, அதன் இருபுறமும் நீட்டிய கம்பிகள். பொறி பாயும்போது அலை கிளம்பியது. சற்றுத் தள்ளி வைத்த கம்பி வளையத்தின் இடைவெளியில் அதற்குப் பதிலாக ஒரு சின்னப் பொறி தெரிந்தது.

இப்போது ஒரு பழைய பெட்ரோல் காரின் பானெட்டைத் திறந்து பாருங்கள். பேட்டரி இருக்கிறது. மின்னோட்டத்தைத் துண்டிக்க டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் இருக்கிறது. காயில் இருக்கிறது. பிளக்கின் நுனியில் இடைவெளி இருக்கிறது. பிளக் ஒயர்கள் ஏரியல்போல நீண்டிருக்கின்றன. சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்து 1910-ஆம் ஆண்டு கடிலாக் காரில் வந்த பேட்டரி இக்னிஷன் ஏற்பாடு இதுதான். ஹெர்ட்ஸின் மேசையை அப்படியே தூக்கி இன்ஜினுக்குப் பக்கத்தில் வைத்தது போல இருக்கும். நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் நொடிக்கு 100 பொறி. அதாவது நொடிக்கு நூறு முறை, எல்லா அலைவரிசையிலும் ஒரே சமயத்தில் கத்தும் ஒரு ஒலிபரப்பு நிலையம்.

இது வெறும் ஒப்புமை இல்லை. ஃபோர்டு மாடல் டி காரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் மரப்பெட்டிக்குள் அடைத்த ஒரு அதிர்வுக் காயில் உண்டு. அன்றைய அமெரிக்க அமெச்சூர் ரேடியோ இளைஞர்கள் அந்தக் காயிலைக் கழற்றி வந்து, மோர்ஸ் விசை மாட்டி, ஒலிபரப்பியாகவே பயன்படுத்தினார்கள். கார் என்பது ரேடியோ நிலையம்தான். ஆனால் சொல்வதற்கு அதனிடம் ஒன்றும் இல்லை.

அந்த நிலையத்துக்கு ஓரிரு அடி தூரத்தில் ஒரு ரேடியோ பெட்டியை வைத்து, நூறு மைலுக்கு அப்பாலிருந்து வரும் பாட்டைக் கேட்க வேண்டும். 1930-இல் மனிதர்கள் எடுத்துக்கொண்ட வேலை அது.

பாட்டு கேட்டவனின் செலவு

பால் கால்வினும் அவர் தம்பி ஜோசப்பும் 1928-இல் சிகாகோவில் ஒரு சிறு நிறுவனம் தொடங்கினார்கள். பேட்டரியில் ஓடும் ரேடியோக்களை வீட்டு மின்சாரத்தில் ஓடவைக்கும் 'பேட்டரி எலிமினேட்டர்' செய்வது தொழில். நேரடியாகவே வீட்டு மின்சாரத்தில் ஓடும் ரேடியோக்கள் வந்ததும் அந்தச் சரக்கு தேங்கியது. 1929-இல் பங்குச் சந்தையும் விழுந்தது. பிழைக்க வேறு வழி தேடியபோது கண்ணில் பட்டது கார் ரேடியோ. அதற்கு முன்பே சிலர் காரில் ரேடியோ வைத்திருந்தார்கள். ஆனால் அது பணக்காரர்களுக்குத் தனியாகச் செய்துகொடுக்கும் சங்கதியாக இருந்தது.

கால்வின் கடன் கேட்டுப் போன வங்கிக்காரரின் பேக்கார்டு காரில் ஒரு ரேடியோவை மாட்டிக் காட்டினாராம். அரைமணி நேரத்தில் கார் தீப்பற்றிக்கொண்டது, கடனும் கிடைக்கவில்லை என்று அந்த நிறுவனத்தின் ஆரம்பகாலம் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு கதை சொல்வார்கள். 1930 ஜூனில் நியூ ஜெர்சி மாநிலம் அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோ தயாரிப்பாளர்களின் மாநாடு நடந்தது. கால்வின் தன் ஸ்டுடிபேக்கர் காரில் ரேடியோவோடு சிகாகோவிலிருந்து ஓட்டிக்கொண்டு போனார். உள்ளே கடைபோட இடமில்லை. வாசலில் காரை நிறுத்தி, சத்தமாகப் பாடவிட்டு, போகிறவர் வருகிறவரிடம் ஆர்டர் பிடித்தார். 5டி71 என்ற அந்த மாடலுக்கு அவர் வைத்த பெயர் மோட்டோரோலா. பின்னாளில், 1947-இல், நிறுவனத்தின் பெயரே அதுவானது.

விலை 110-லிருந்து 130 டாலர். ஒரு புது ஃபோர்டு மாடல் ஏ 500 டாலரை ஒட்டி விற்ற காலம். ஆனால் பெட்டியின் விலையைவிடப் பெரிய தலைவலி அதை மாட்டுவது. காரின் உட்கூரைத் துணியைப் பிரித்து ஏரியல் கம்பி பதிக்க வேண்டும். வால்வுகளுக்கு உயர்மின்னழுத்தம் தர, தரைப்பலகையை அறுத்துத் தனி பேட்டரிகளை இறக்க வேண்டும். இவ்வளவையும் முடித்து ஸ்விட்சைப் போட்டால் பாட்டு கேட்கும். இன்ஜினைக் கிளப்பினால் 'டகடகடக' மட்டும்தான் கேட்கும்.

அப்போதுதான் உண்மையான வேலை தொடங்கும். ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு மின்தடை, டிஸ்ட்ரிபியூட்டரின் நடு ஒயரில் இன்னொன்று. பொறிக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் பொறி பாயும் கணத்தில் எழும் திடீர் மின்னோட்ட வீச்சை அது மழுங்கடிக்கும். டைனமோவின் பிரஷ்கள் தரும் கரகரப்புக்கு ஒரு கண்டன்சர். பானெட்டையும் இன்ஜினையும் பாடியோடு இணைக்கப் பின்னல் செம்புப் பட்டைகள். அதற்கும் மசியாத சத்தம் ஒன்று உண்டு. காய்ந்த சாலையில் டயர் உருளும்போது நிலைமின்சாரம் சேர்ந்து, பேரிங்கில் உள்ள கிரீஸ் படலத்தைத் தாண்டிச் சடசடக்கும். அதற்கு முன்சக்கர மூடிக்குள் ஒரு சிறு சுருள்கம்பியை வைத்தார்கள். அது ஆக்சில் நுனியைத் தொட்டுக்கொண்டே இருந்து மின்சாரத்தை வடிக்கும்.

இதை வாசிக்கும்போது அந்த மெக்கானிக்குகளின் முறைதான் என்னைக் கவர்ந்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் நிறுத்திப் பார்ப்பது. ஏரியலைக் கழற்றினால் சத்தம் போகிறதா? போனால் அது காற்று வழியாக வருகிறது. போகாவிட்டால் ஒயர் வழியாக. மேட்டில் ஏறி, இறக்கத்தில் இன்ஜினை அணைத்து வண்டியை உருளவிடு. அப்போதும் கேட்டால் சக்கரம். இன்றைக்கும் செட்டு வேலை தெரிந்தவர்கள் செய்வது இதைத்தான்.

அதே ஆண்டுகளில், அதே நியூ ஜெர்சியில், ஹோம்டெல் என்ற ஊரில் பெல் ஆய்வுக்கூடத்தின் இளம் பொறியாளர் கார்ல் ஜான்ஸ்கி இன்னொரு சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தார். கடல்கடந்த ரேடியோ தொலைபேசியைக் கெடுக்கும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதுதான் அவருக்குத் தந்த வேலை. சுழலும் பெரிய ஏரியல் ஒன்றைக் கட்டினார். அதைத் தாங்கிச் சுழற்றியவை ஃபோர்டு மாடல் டி காரின் நான்கு சக்கரங்கள். பக்கத்து இடிமழை, தூரத்து இடிமழை என்று பிரித்த பிறகு மூன்றாவதாக ஒரு சீரான 'ஸ்ஸ்ஸ்' மிஞ்சியது. அது ஒவ்வொரு நாளும் நான்கு நிமிடம் முன்னதாக உச்சம் தொட்டது. 23 மணி 56 நிமிடம் என்பது நட்சத்திரங்களின் நாள்! சத்தம் வந்தது பால்வீதியிலிருந்து. 1933-இல் அறிவித்தார், ரேடியோ வானியல் பிறந்தது. அவரும் ஒரு ஃபில்டரைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

கால்வினின் வாடிக்கையாளர்களுக்கு அந்தப் பாக்கியமில்லை. தங்கள் காரின் சத்தத்தைத் தாங்களே காசு கொடுத்து அடக்கினார்கள். கார் செய்தவர் வேறு, ரேடியோ செய்தவர் வேறு. நடுவில் மாட்டிக்கொண்டவர் பாட்டு கேட்க ஆசைப்பட்டவர்.

பக்கத்து வீட்டுத் திரையில் புள்ளி

ஆசை என்ற நிலை தாண்டி உயிர்ப் பிரச்சினையானது போலீஸ் ரேடியோவில். டெட்ராய்ட் போலீஸ் 1928-இலேயே ரோந்துக் கார்களில் ரேடியோ வைத்துவிட்டது. பாட்டில் ஒரு வரி விட்டுப்போனால் பரவாயில்லை. முகவரியில் ஓர் எண் விட்டுப்போனால் போலீஸ் வேறு தெருவில் நிற்கும்.

இதற்கு வேறொரு பக்கத்திலிருந்து விடை வந்தது. எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1933 டிசம்பரில் பண்பலைக்குக் காப்புரிமை பெற்றார். அவர் கண்டது எளிது. பொறியும் இடியும் அலையின் உயரத்தைத்தான் கலைக்கின்றன. அப்படியானால் செய்தியை உயரத்தில் எழுதாதே, அதிர்வெண்ணில் எழுது. வாங்கும் இடத்தில் உயரத்தை வெட்டித் தள்ளிவிடு. 1940-இல் கனெக்டிகட் மாநிலப் போலீஸுக்காக டேனியல் நோபிள் பண்பலையில் இருவழி ரேடியோ அமைத்துக் காட்டினார். ஓடும் காரில், இன்ஜினுக்குப் பக்கத்தில், பேச்சு தெளிவாகக் கேட்டது. நோபிளைக் கால்வின் தன் நிறுவனத்துக்கே அழைத்துக்கொண்டார்.

ஆனால் இதுவும் கேட்பவர் பக்கத்துத் தீர்வுதான். சத்தம் போட்டவரைச் சட்டம் முதன்முதலாக அழுத்திப் பிடித்த இடங்களில் ஒன்று பிரிட்டன். காரணம் ரேடியோ அல்ல, டெலிவிஷன். லண்டனில் பிபிசி 1936-இல் தொடங்கிய ஒளிபரப்பின் படம் 45 மெகாஹெர்ட்ஸில் வந்தது. பிளக் ஒயரின் நீளத்துக்கு அந்தப் பிரதேசம் மிகவும் வசதி. வாசலில் ஒரு கார் போனால் வீட்டுக்குள் திரையில் வெள்ளைப் புள்ளிகள் பொரியும். போரெல்லாம் முடிந்து வீட்டுக்கு வீடு டிவி வரத் தொடங்கியதும், 1952-இல் புதிய வாகனங்களின் இக்னிஷனில் இரைச்சல் அடக்கி இருந்தாக வேண்டும் என்று விதி செய்தார்கள்.

இதன் அருமையைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். காரில் ரேடியோவே இல்லாதவர், வீட்டில் டிவி இல்லாதவர், தன் காருக்கு மின்தடை மாட்டுகிறார். யாருக்காக? தான் கடந்துபோகும் தெருவில் முகம் தெரியாத யாரோ ஒருவர் நிம்மதியாகப் படம் பார்ப்பதற்காக. ரேடியோ இரைச்சலுக்கென்று 1934-இல் பாரிஸில் கூடிய சர்வதேசச் சிறப்புக் குழு, சிஸ்பர், இன்றைக்கும் வாகனங்களுக்கு இரண்டு தனித்தனித் தரங்கள் வைத்திருக்கிறது. ஒன்று, வண்டிக்கு வெளியே இருப்பவரின் ரேடியோவைக் காக்க. இன்னொன்று, வண்டிக்குள்ளேயே இருக்கும் ரேடியோவைக் காக்க. அந்நியருக்கும் உரிமை உண்டு, சொந்தக்காரருக்கும் உண்டு.

எங்கள் வீட்டுக்கும் இந்தப் பஞ்சாயத்து வந்திருக்கிறது. சென்னைத் தொலைக்காட்சி 1975-இல் தொடங்கியது. எங்கள் தெருவில் டிவி வந்தபோது, ஒளியும் ஒலியும் நேரத்தில் பழைய ஸ்கூட்டர் ஒன்று கிளம்பினால் திரை முழுக்கக் கோடு கோடாகப் புள்ளிகள் ஓடும். "எவன்டா அவன், இந்த நேரத்துல வண்டிய எடுக்குறது" என்று வீட்டுக்கு வீடு குரல் எழும். அது அந்த மனிதருக்குத் தெரியவே தெரியாது.

இன்றைக்குப் பிளக் வாங்கும்போது அட்டைப்பெட்டியில் உள்ள எண்ணைப் பாருங்கள். பல கம்பெனி எண்களில் நடுவில் ஓர் 'ஆர்' இருக்கும். உள்ளே சுமார் 5000 ஓம் மின்தடை இருக்கிறது என்று பொருள். 1950களின் பிற்பகுதியிலிருந்து பிளக் ஒயரும் செம்பை விட்டு, கார்பன் ஏற்றிய நூலுக்கு மாறியது. 1930-இல் மெக்கானிக் ஒவ்வொன்றாக மாட்டியதெல்லாம் இப்போது பாகத்துக்குள்ளேயே கரைந்துவிட்டது. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நன்றாகத் தீர்க்கப்பட்ட பிரச்சினைக்கு அதுதான் அடையாளம்.

ஆறு டயோடுகளின் ஊளை

பொறியின் 'டகடக' அடங்கியது. அப்படியென்றால் என் காரில் ஊளையிட்டது எது?

கால்வினுக்காக ஆரம்பகால ரேடியோக்களைக் காரில் மாட்டி, இந்தச் சத்தங்களோடு மல்லுக்கட்டியவர்களில் எல்மர் வேவரிங் என்ற இளைஞர் இருந்தார். பின்னாளில் மோட்டோரோலாவின் தலைவராக உயர்ந்த அவர்தான் அந்த நிறுவனத்தின் கார் ஆல்டர்னேட்டர் வேலையை முன்னின்று நடத்தியவர். பழைய டைனமோ இன்ஜின் மெதுவாக ஓடும்போது சார்ஜ் தராது, பிரஷ்கள் பொறிவிடும். சிலிக்கான் டயோடு மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டர் சாத்தியமானது. கிரைஸ்லர் 1960-ஆம் ஆண்டு வேலியன்ட் காரில் அதைப் பொருத்தியது. சில ஆண்டுகளில் எல்லோரும் பின்தொடர்ந்தார்கள். நம் பட்டறைகளில் மட்டும் அதன் பெயர் இன்னும் டைனமோதான்.

ஆல்டர்னேட்டர் உண்டாக்குவது மூன்று கட்ட மாறுமின்சாரம். ஆறு டயோடுகள் அதை ஒருதிசைப்படுத்துகின்றன. ஆனால் வழித்து மெழுகிய தரைபோல அல்ல, மேடும் பள்ளமுமாக. சாதாரணமாக ரோட்டரில் 12 துருவங்கள் இருக்கும். ஒரு சுற்றுக்கு 36 மேடுகள். இன்ஜின் 800 சுற்றில் நின்று ஓடும்போது, புல்லி விகிதம் இரண்டரை என்றால், ஆல்டர்னேட்டர் 2000 சுற்று ஓடும். கணக்குப் போட்டால் 1200 ஹெர்ட்ஸ். 2000 சுற்றுக்கு மிதித்தால் 3000 ஹெர்ட்ஸ். நம் காது மிகக் கூர்மையாக இருக்கும் பகுதிக்குள் நேராக ஏறி வருகிறது. அதனால்தான் துளியளவு இருந்தாலும் குத்துகிறது.

ஒரு டயோடு போய்விட்டால் மேடுகளில் ஒன்று காணாமல் போகும்; அந்த இடத்தில் பள்ளம் ஆழமாகும். மெல்லிய விசிலுக்குக் கீழே, அதைவிடத் தாழ்ந்த சுதியில் ஒரு முரட்டுச் சத்தம் எழும். அப்பா சொன்னது இதைத்தான். எந்த மீட்டரும் இல்லாமல், "முன்ன விசில், இப்ப உறுமல்" என்று ஆல்டர்னேட்டரின் நோயைச் சரியாகவே சொல்லியிருந்தார்.

பாடி எர்த்து

ஆனால் டயோடுகள் ஆறும் நன்றாக இருந்த காலத்திலேயே ஊளை இருந்ததே? அதற்குக் காரணம் இன்னும் பழையது.

காரில் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு ஒயர்தான் போகிறது. திரும்பி வரும் பாதை காரின் இரும்பு உடம்பு. இந்த சிக்கனத்தின் வேர் தந்தியில் இருக்கிறது. 1838-இல் ஜெர்மனியில் ஸ்டைன்ஹைல் என்பவர், தந்திக்கு இரண்டு கம்பி வேண்டியதில்லை, ஒன்றை மண்ணில் இறக்கினால் பூமியே திருப்பிக் கொண்டுவரும் என்று கண்டார். தந்திக்கு அது போதும். தொலைபேசி வந்தபோதுதான் வினை வந்தது. அதே மண்ணில் பக்கத்துத் தந்தியின் மின்சாரமும், பிறகு டிராம் வண்டியின் மின்சாரமும் திரும்பிக்கொண்டிருந்தன. ஃபோனில் எல்லாம் கேட்டது. இரண்டு கம்பிகளை முறுக்கிப் போட்டால் இது தீரும் என்று கிரஹாம் பெல் 1881-இலேயே காப்புரிமை வாங்கினார். தொலைபேசி மண்ணை விட்டது. கார் மட்டும் இரும்பை விடவில்லை.

இரும்பு நல்ல கடத்திதான், ஆனால் தடையே இல்லாததல்ல. 40 ஆம்பியர் மின்னோட்டம் ஒரு ஓமில் ஆயிரத்தில் இரண்டு பங்குத் தடையைக் கடந்தாலே 80 மில்லிவோல்ட் வித்தியாசம் வந்துவிடும். முன்னால் டாஷ்போர்டில் செட்டு ஓர் இடத்தில் எர்த் ஆகியிருக்கிறது. பின்னால் டிக்கியில் ஆம்ப்ளிஃபையர் வேறோர் இடத்தில். இரண்டு 'எர்த்'தும் ஒன்றல்ல. இவற்றை இணைக்கும் ஆடியோ கேபிளில் பாட்டோடு சேர்ந்து அந்த வித்தியாசமும் போகிறது. பாட்டின் மெல்லிய இடங்கள் சில மில்லிவோல்ட்தான். ஊளை ஜெயித்துவிடும்.

செல்போனை சார்ஜரில் போட்டு ஆக்ஸ் ஒயரில் பாட்டு கேட்டவர்களுக்கு இது தெரியும். சார்ஜரைப் பிடுங்கினால் கீச்சிடல் நிற்கும், மாட்டினால் வரும். ஒரே போனுக்கு இரண்டு எர்த்து. சிலர் ஒயர் மட்டம் என்று புது ஒயர் வாங்குவார்கள். ஒயர் பாவம், ஒன்றும் செய்யவில்லை.

என் காரில் ஆம்ப்ளிஃபையரின் எர்த் ஒயரை டிக்கிக்குள் ஒரு போல்ட்டில் இறுக்கியிருந்தார்கள். அடியில் பெயின்ட் சுரண்டப்படவில்லை. இரும்புக்கும் ஒயருக்கும் நடுவில் பெயின்ட். ஐந்து நிமிட உப்புத்தாள் வேலை. அதற்குப் பதில் வந்தது ஃபில்டர்.

ரேடியோவைக் கழற்றிவிடலாமா?

இப்போது மின்சாரக் கார் காலம். பொறி இல்லை, பிளக் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை. ரேடியோவுக்கு விமோசனம் என்றுதானே நினைக்கத் தோன்றும்? ஆனால் பேட்டரியின் நேர்மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ற மாறுமின்சாரமாக்க, இன்வெர்ட்டர் நொடிக்குப் பல்லாயிரம் முறை நூற்றுக்கணக்கான வோல்ட்டைத் தட்டித் தட்டி அணைக்கிறது. அதன் எதிரொலிகள் மத்திய அலை வரிசை முழுக்கப் பரவுகின்றன. ஹெர்ட்ஸின் மேசை வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது.

இதற்குச் சில நிறுவனங்கள் கண்ட தீர்வு விசித்திரமானது. கேபிளுக்குக் கவசம் போட்டு, இன்வெர்ட்டரை அடக்குவதற்குப் பதில், மத்திய அலை ரேடியோவையே எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் விற்ற பிஎம்டபிள்யூ ஐ3-இல் அது இல்லை. ஃபோர்டு 2024 மாடல்களிலிருந்து நீக்கப்போவதாகச் சொல்லி, எதிர்ப்பு கிளம்பியதும் 2023 மே மாதம் பின்வாங்கியது. எல்லா வாகனத்திலும் அந்த ரேடியோ இருந்தாக வேண்டும் என்று அதே மாதம் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு மசோதாவும் வந்தது. புயல், வெள்ளம் வந்து செல்போன் கோபுரங்கள் சாய்ந்தால் தூரத்துக்கு எட்டும் குரல் அதுதான் என்பது அவர்கள் வாதம்.

கவசமும் ஃபில்டரும் எடையும் விலையும் கூட்டும் என்பது உண்மைதான். மத்திய அலை கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பதும் உண்மைதான். ஆனாலும் மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாக இது எனக்குப் படுகிறது. 1930-இல் கேட்பவர் செலவு செய்தார். 1952-இல் சத்தம் போடுபவர் பொறுப்பேற்றார். இப்போது சத்தம் போடுபவர் கேட்பவரின் காதைப் பொத்திவிட்டு, "இப்ப கேளுங்க, கப்சிப்" என்கிறார். எனக்கு அந்த வார்த்தை பழக்கமானது.

மதுராந்தகத்தில் டயோடு பிளேட் மாற்றி முடிக்க மதியமாகிவிட்டது. சென்னை வந்ததும் டிக்கியைத் திறந்து, போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு பளபளத்த பிறகு ஒயரை இறுக்கினேன். ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டேன். ஊளை ஏறக்குறைய போய்விட்டது. ஏறக்குறைய என்றால், காலையில் முதன்முதலாக வண்டியைக் கிளப்பி, பாட்டு தொடங்குவதற்கு முன்னால் காதைக் கொடுத்தால் மட்டும், எங்கோ ஆழத்தில் ஒரு நூலிழை விசில்.

அதையும் போக்கிவிடலாம் என்று ஒருநாள் அப்பாவிடம் சொன்னேன். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"விசில்தான அடிக்குது? இருக்கட்டும் விடு. உறுமுனா சொல்றேன்."

இந்த முறை அவர் சொன்னால் வால்யூமைக் குறைப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.